தளம் உயர்த்திய பிக்கப் வண்டியில் கார்பெட் மாற்றுவது எப்படி?

தளத்தின் நடுவே கியர்பாக்ஸை மூடியிருக்கும் மேட்டை உயர்த்தி வெல்டு வைத்த வண்டி என்கிறீர்கள். கிருஷ்ணகிரி சீட் கவர் கடைகளில் ரெடிமேட் கார்பெட் கேட்காதீர்கள். பழைய தளத்துக்கு வார்த்தது, மேட்டில் தூக்கிக்கொண்டு நிற்கும். மீட்டர் கணக்கில் வாங்குங்கள்.

சீட்டைக் கழற்றி, வெல்டு ஓரத் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிடுங்கள். தொப்பூர் ஏற்றத்தில் கால் சுடுகிறதென்றால் அடியில் வெப்பத்தடுப்புத் தாளும் வேண்டும்.

செய்தித்தாளில் அளவு வெட்டி, அதை வைத்துக் கார்பெட்டைச் சுற்றிலும் 5 செ.மீ. கூடுதல் விட்டு வெட்டுங்கள். ஒரே துண்டாக இழுத்தால் சுருக்கம் விழும், மேட்டுக்குத் தனித்துண்டு. அதை முதலில் ஒட்டினால் பக்கத் துண்டுகள் ஓரத்தை மூடிவிடும். பசையை இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதத்தில் அழுத்துங்கள்.

சீட் போல்ட் துளைக்கு டிரில் வேண்டவே வேண்டாம், கார்பெட் நூல் டிரில் பிட்டில் சுற்றி ஒரு வரிசையையே உருவிவிடும். பசை வாடை முழுக்கப் போனபின் சூடான கம்பியால் குத்துங்கள். ஆக்சிலரேட்டருக்கு அடியில் மடிப்பு இருந்தால் பெடல் சிக்கும். அங்கே ஒட்டாமல் விடாதீர்கள்.