ஒபாமாகேர்: பணத்தை நிறுத்தினால் சட்டம் நிற்குமா? (கேள்வி பதில்)

பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மை இருந்தும், 2013இல் குடியரசுக் கட்சியினரால் ஒபாமாகேருக்கான பணத்தை ஏன் நிறுத்த முடியவில்லை?

ஒபாமாகேர் என்பது மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்க உதவும் 2010ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். அதற்கான பெரும்பகுதிப் பணம் அவர்கள் கையிலிருந்த மசோதா வழியாகப் போகவில்லை. ஆண்டுதோறும் நிறைவேற்றும் செலவு மசோதாவைத்தான் அவர்களால் மறிக்க முடிந்தது. பிரீமியத்தைக் குறைக்கும் வரிச் சலுகையோ நிரந்தர ஒதுக்கீடு. யாரும் ஆண்டுதோறும் கையெழுத்திடத் தேவையில்லை. செப்டம்பர் 20 அன்று 230–189 என்ற வாக்கில் நிதித்தடையோடு மசோதாவை அனுப்பினார்கள். செனட் 54–44 என்ற வாக்கில் தடையை நீக்கித் திருப்பியது. செலவு மசோதா நிறைவேறாததால் அக்டோபர் 1 முதல் 16 நாள் அரசு முடங்கியது. ஏறத்தாழ எட்டு லட்சம் ஊழியர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மக்கள் காப்பீட்டுத் திட்டங்களை ஒப்பிட்டு வாங்கும், இந்தச் சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தை அதே அக்டோபர் 1 அன்று திறந்தது.

ஒன்றை நினைவில் வையுங்கள்: சட்டத்தை நீக்குவது வேறு, நிதியை நிறுத்துவது வேறு.

குடியரசுக் கட்சி செனட்டர் டெட் குரூஸ் அப்போது செனட்டில் 21 மணி நேரம் பேசினாரே, அது வாக்கெடுப்பைத் தடுத்ததா?

இல்லை. குறித்தபடியே வாக்கெடுப்பு நடந்தது.

அப்படியானால் நிதி வழியாக எதையுமே சாதிக்கவில்லையா?

சாதித்தார்கள், அதுவும் சத்தமில்லாமல். புதிய சந்தையில் யார் நோயாளிகளாக வருவார்கள் என்று காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தெரியாது. அதனால் 2014 முதல் மூன்றாண்டுகளுக்கு ஓர் ஏற்பாடு: அதிகம் லாபம் கண்டவர்கள் அரசுக்குக் கட்ட வேண்டும், அதிகம் நஷ்டப்பட்டவர்களுக்கு அரசு ஈடு தரும். 2014 டிசம்பர் செலவு மசோதாவில், வேறு கணக்கிலிருந்து பணம் எடுத்து இந்த ஈட்டைத் தரக் கூடாது என்று ஒரு விதியைச் செருகினார்கள். முதலாண்டுக்கு நிறுவனங்கள் கேட்ட தொகையில் 12.6 சதவீதமே கிடைத்தது. உறுப்பினர்களே நடத்திய கூட்டுறவுக் காப்பீட்டு அமைப்புகளில் பாதிக்கு மேல் மூடப்பட்டன. பெரிய நிறுவனங்கள் தாங்கிக்கொண்டன. போட்டியைக் கொண்டுவர வந்த சிறியவர்கள்தான் விழுந்தார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அது தனியார் நிறுவனங்களைக் கைதூக்கிவிடும் வேலைதானே? மக்கள் வரிப்பணத்தைத் தர மறுக்க நாடாளுமன்றத்துக்கு உரிமை இல்லையா?

உரிமை உண்டு. ஆனால் 'தர வேண்டும்' என்று சட்டத்தில் எழுதி, அதை நம்பி அவர்கள் விலை குறித்துக் காப்பீடு விற்ற பிறகு மறுத்தார்கள்.

(அதே வாசகர்) உச்ச நீதிமன்ற நீதிபதி அலிட்டோவும் என் கருத்தைத்தானே சொன்னார்?

ஆம், அவர் மட்டும். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 8–1 என்று தீர்ப்பளித்தது: பணம் ஒதுக்காமல் விடுவதால் கடன் அழியாது; கடனை ரத்து செய்ய வேண்டுமானால் அதைச் சட்டமாகவே எழுத வேண்டும். நிலுவை 1,200 கோடி டாலருக்கு மேல். மூடப்பட்ட அமைப்புகளுக்குத் தீர்ப்பு வந்து என்ன பயன்? பணத்தைப் பூட்டும் உரிமைக்காக வாதாடுங்கள், மதிக்கிறேன். வாக்குக் கொடுத்துவிட்டுப் பூட்டுவதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியாது.

2017இல் குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டி எதிர்த்து வாக்களித்தது நிதியை நிறுத்தும் வாக்கெடுப்பிலா?

இல்லை. அது சட்டத்தின் சில முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா. 49–51 என்று தோற்றது. நீக்குவது வேறு, நிதியை நிறுத்துவது வேறு.

டிரம்ப் 2017இல் நிறுவனங்களுக்கான பணத்தை நிறுத்தினாரே?

ஏழைகளின் மருத்துவச் செலவுப் பங்கைக் குறைப்பதற்கான ஈடு அது. அதற்கு ஒதுக்கீடே இல்லை என்று பிரதிநிதிகள் சபை வழக்குப் போட்டு 2016இல் கீழ் நீதிமன்றத்தில் வென்றது. 2017 அக்டோபரில் அரசு பணத்தை நிறுத்தியதும், நிறுவனங்கள் சந்தையின் நடுத்தர வகையான வெள்ளித் திட்டத்தின் பிரீமியத்தை உயர்த்தின. வரிச் சலுகை அந்த விலையைப் பொறுத்தே கணக்கிடப்படுவதால் சலுகையும் உயர்ந்தது; நிரந்தர ஒதுக்கீட்டிலிருந்து அரசுக்குச் செலவு கூடியது.

2017 வாக்கெடுப்பில் நிதி போய்விட்டதா?

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

என் அப்பாவுக்கு வெள்ளித் திட்டமா, வெண்கலத் திட்டமா?

உங்கள் மாநிலச் சந்தையின் இலவச ஆலோசகரிடம் கேளுங்கள். வருமானம் தெரியாமல் நான் சொல்வது தவறாகிவிடும்.

2025 முடக்கமும் 2013 போன்றதுதானா?

நேர்மாறானது. 2021இல் கூட்டப்பட்ட பிரீமியச் சலுகையை நீட்டிக்கக் கேட்டு ஜனநாயகக் கட்சியினர் செலவு மசோதாவை மறித்தார்கள். 43 நாளுக்குப் பிறகு நீட்டிப்பின்றியே முடக்கம் முடிந்தது. கூடுதல் சலுகை அந்த ஆண்டோடு காலாவதியானது. 2010 சட்டத்தின் அடிப்படைச் சலுகை தொடர்கிறது. வறுமைக்கோட்டைப் போல் நான்கு மடங்குக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது.