மயில்துத்தத்தைச் சூடாக்கினால் வெளுத்துப்போகிறதே, கெட்டுவிட்டதா?

மயில்துத்தம் ஏன் வெளுக்கிறது, அதை எப்படித் தயாரிக்கிறார்கள், எதற்கெல்லாம் உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கெடவில்லை. அதிலிருந்த தண்ணீர் போய்விட்டது, அவ்வளவுதான்.

மயில்துத்தம், துருசு, காப்பர் சல்பேட் எல்லாம் ஒன்றுதான். கையில் எடுத்தால் காய்ந்த கல் மாதிரி இருக்கும். ஆனால் அந்த நீலப் படிகத்தின் எடையில் 36 சதவீதம் தண்ணீர்! ஒரு காப்பர் சல்பேட்டுக்கு ஐந்து நீர் மூலக்கூறுகள். நான்கு செம்பைச் சுற்றிப் பிடித்திருக்கும், ஐந்தாவது சல்பேட்டோடு ஒட்டியிருக்கும். அந்த நீலமே செம்பும் தண்ணீரும் சேர்ந்து தருகிற நிறம்.

நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்தது ஆய்வகத்தில், ஒரு சோதனைக் குழாயில். படபடவென்று சின்னதாக வெடித்தது, குழாயின் வாய்ப்பக்கம் நீர்த்துளிகள் கோத்தன, அடியில் இருந்தது சாம்பல் கலந்த வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. ஆறவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் விழுந்த இடத்திலிருந்து நீலம் பரவியது. குழாயைப் பிடித்திருந்த விரலில் சூடு தெரிந்தது. ஒரு திரவத்தில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க இந்த வெள்ளைத் தூளைத்தான் போடுவார்கள்.

கடைசித் தண்ணீரும் போக 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். 600-ஐத் தாண்டிப் போனால் கறுத்துவிடும். அப்போது மிஞ்சுவது காப்பர் ஆக்சைடு. தண்ணீர் விட்டாலும் நீலம் திரும்பாது. அதுதான் உண்மையில் கெட்டுப்போவது.

தயாரிப்புக்குச் செம்புத் துண்டுகளும் கந்தக அமிலமும் போதும் என்று தோன்றும். ஆனால் நீர்த்த அமிலத்தில் செம்பு சும்மா கரையாது. காற்றைச் செலுத்திக்கொண்டே சூடாக்க வேண்டும். ஆக்சிஜன் கிடைத்தால்தான் செம்பு இறங்கி வரும். இல்லாவிட்டால் காப்பர் ஆக்சைடிலிருந்தே தொடங்கலாம். அப்புறம் கரைசலை மெல்ல ஆறவிட்டால் சாய்சதுர முகங்களோடு படிகம் வளரும். அவசரப்பட்டால் பொடிதான் கிடைக்கும்.

பயன்களில் செம்பு முலாம் பூசுவது, நீர்ப்பாசியை அழிப்பது என்று பல உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, பயிர்களின் பூஞ்சை நோய்களுக்குத் தெளிக்கும் போர்டோ கலவை. பிரான்சின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். அந்தக் கொடிகளை மட்டும் திராட்சையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் தொடவில்லை என்பதைத் தாவரவியலாளர் மில்லார்டே கவனித்தார். ஆராய்ந்து, 1885-இல் வெளியிட்டார். இன்றைக்கும் ஒரு சதவீதக் கலவைக்கு ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்பதுதான் கணக்கு. துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை அந்தக் கலவையில் சிறிது நேரம் முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். அப்படியே தெளித்தால் இலை கருகும். இப்படி இரும்பில் செம்பு படிந்துவிடும் என்பதால்தான் துத்தத்தை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, பிளாஸ்டிக் வாளி நல்லது.

வாயில் பட்டால் விஷம், கண்ணில் பட்டால் கடுமையாக எரிக்கும். மிச்சக் கரைசலைக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள். மிகக் கொஞ்சம் செம்பு கலந்தாலே மீன்கள் செத்துவிடும்.