கீழே பார்க்க முடியாத அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, தேயிலை ஃபெக்டரியில் இருந்தவர். ஒன்றரை வருஷமாக அடிக்கடி மல்லாக்க விழுகிறார், லயத்துப் படியில் இறங்கும்போது ரொம்ப மோசம். கை நடுக்கம் இல்லை. தட்டைப் பார்க்காமல் நேரே முழித்துக்கொண்டே சோறு பிசைகிறார், சட்டையெல்லாம் குழம்பு. பாக்கின்சன் என்று கொடுத்த மாத்திரை எட்டு மாதமாகியும் கேட்கவில்லை. கசிப்பு அடிக்கிறார் என்று லயத்தில் பேசுகிறார்கள்.
- ஒரு மகள், மஸ்கெலியா

லயத்துப் பேச்சை விடுங்கள் தங்கச்சி. எனக்கு உறுத்துவது அந்தச் சோற்றுத் தட்டுதான். மல்லாக்க விழுவது, தட்டைப் பார்க்காதது, மாத்திரை கேட்காதது, மூன்றும் ஒரே ஆளுக்கு என்றால் பீ.எஸ்.பி. என்ற அபூர்வமான மூளைத் தேய்வு நோயா என்று பார்த்துவிட வேண்டும். டௌ என்ற புரதம் சேர்ந்து நடுமூளையில் நரம்பணுக்கள் அழிய அழிய, கண்ணைக் கீழே இறக்கச் சொல்கிற கட்டளை வராமல் போகிறது; கண் என்னவோ நல்லாத்தான் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு நம் மலைப்பக்கத்துப் படிகள் எப்படி இருக்கும், யோசியுங்கள். 1964இலேயே ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி என்ற மூவர் இதைத் தனி நோயாக எழுதிவிட்டார்கள், ஆனாலும் இன்றுவரை பலருக்கு முதலில் பாக்கின்சன் என்றுதான் பெயர் விழுகிறது. பாக்கின்சனில் விழுவது பெரும்பாலும் வருஷக்கணக்கு போனபிறகுதான், இதில் ஆரம்பத்திலேயே.

ஒன்று செய்து பாருங்கள். அப்பாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, தலையை அசைக்காமல் உங்கள் விரலையே பார்க்கச் சொல்லி, விரலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். (மேலே பார்ப்பது வயசானாலே குறையும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.) கண் விரலோடு இறங்கவில்லை என்றால் அதையும், அவர் நடப்பதையும், நாற்காலியில் தொப்பென்று விழுந்து உட்கார்வதையும் ஃபோனில் வீடியோ எடுத்து, கண்டியில் நரம்பியல் கிளினிக்கில் காட்டுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். இத்தனை தடவை விழுந்தவருக்குத் தலைக்குள் இரத்தம் கட்டியிருக்கவும் கூடும், அதற்கு வைத்தியம் இருக்கிறது, ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

பீ.எஸ்.பி.தான் என்றால் குணப்படுத்த மருந்து இல்லை, மறைக்க விரும்பவில்லை. தொற்றாது, பரம்பரையாக வருவதும் மிக அரிது. தட்டை ஒரு பெட்டிமேல் உயர்த்தி வையுங்கள், படியில் தனியாக விடாதீர்கள். அப்புறம், தேத்தண்ணி குடிக்கும்போது புரையேறுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஏறினால் அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள், ஏனென்றால் நீர்போல இருப்பதுதான் சுலபமாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நியூமோனியாவில் கொண்டுபோய் விடும்.