இளமையில் போதைப்பொருள் பயன்படுத்தியதாக ஒப்புக்கொள்ளும் அரசியல்வாதியை வாக்காளர்கள் மன்னிக்கலாமா?

மன்னிக்கலாம். ஆனால் அதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர் மாட்டாமல் தப்பித்த அதே காரியத்தைச் செய்து மாட்டிக்கொண்டவர்களுக்கு, அதிகாரம் கைக்கு வந்தபின் அவர் என்ன செய்தார்?

இந்தக் கேள்வி எனக்கு என் வீட்டிலிருந்து வந்தது. என் தம்பி பத்தொன்பது வயதில் கஞ்சாவோடு பிடிபட்டான். அன்று அவனோடு இன்னொரு பையனும் இருந்தான். ஒரே பொட்டலத்தை இருவரும் பங்கு போட்டவர்கள். அந்தப் பையனுக்காகப் பேச ஆள் இருந்தது, அவன் ராத்திரியே வீட்டுக்குப் போய்விட்டான். தம்பி மேல் வழக்கு பதிவானது. அதன்பின் அவன் சிகிச்சைக்குப் போனான், இரண்டு முறை மறுபடி விழுந்தான், எழுந்தான். இப்போது பதினோரு வருடமாகத் தொடுவதில்லை. ஆனாலும் வேலைக்கான விண்ணப்பத்தில் ‘உங்கள் மீது குற்ற வழக்கு ஏதும் உண்டா?’ என்ற கட்டம் வந்ததும் அவன் பேனா நின்றுவிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

அந்த இன்னொரு பையன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நல்லபடியாக இருக்கிறான், நல்லவனும்கூட. நாளை அவன் தேர்தலில் நின்று, ‘சின்ன வயதில் ஒரு தப்பு செய்தேன்’ என்று மேடையில் சொன்னால் நேர்மையானவன் என்று கைதட்டுவார்கள். அதே வாக்கியத்தை என் தம்பி நேர்முகத் தேர்வில் சொன்னால், ‘பிறகு தகவல் சொல்கிறோம்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

ஒப்புக்கொண்டதற்காகவே ஒருவரை ஒதுக்கிய காலம் இருந்தது. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக அதிபர் ரீகன் நியமிக்க நினைத்த டக்ளஸ் கின்ஸ்பர்க், கஞ்சா புகைத்ததை ஒப்புக்கொண்டதும் விலக வேண்டியதாயிற்று. ஐந்தே வருடத்தில் நிலைமை மாறியது. 1992 மார்ச்சில் பில் கிளின்டன், இங்கிலாந்தில் படித்தபோது கஞ்சாவை முயன்று பார்த்ததாகவும் புகையை உள்ளே இழுக்கவில்லை என்றும் சொன்னார். நவம்பரில் அதிபர் தேர்தலில் ஜெயித்தார். உள்ளே இழுத்தாரா இல்லையா என்று இன்று வரைக்கும் பேசுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படவே இல்லை. பார்க்க வேண்டியது 1995-ஐ.

அங்கே 1986-இல் வந்த சட்டப்படி 5 கிராம் கிராக் கோகைன் விற்றவருக்குக் குறைந்தது ஐந்து வருடச் சிறை. அதே ஐந்து வருடம் கிடைக்கப் பொடி கோகைன் என்றால் 500 கிராம் வேண்டும். கிராக் என்பது அதே கோகைனைச் சோடா உப்பு சேர்த்துக் காய்ச்சிக் கட்டியாக்கியது, அவ்வளவுதான். விலை மலிவு என்பதால் அது ஏழைகள் தெருவில் ஓடியது. அந்தச் சட்டத்தில் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இந்த நூறு மடங்கு வித்தியாசத்தை எடுத்துவிடலாம் என்று தண்டனை விதிகளை வகுக்கும் அரசு ஆணையமே 1995-இல் முன்மொழிந்தது. அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் மறுத்தது. அந்த மறுப்பில் கையெழுத்துப் போட்டவர் கிளின்டன்.

அவருக்கும் ஒரு தம்பி உண்டு. தாய் ஒன்று, தகப்பன் வேறு. ரோஜர் கிளின்டன் 1980-களில் கோகைன் வழக்கில் சிறைக்குப் போனவர். விசாரணை நடப்பது ஆளுநராக இருந்த அண்ணனுக்கு முன்னாடியே தெரியும், அவர் தடுக்கவில்லை. அதற்காக அவரை நான் மதிக்கிறேன், எத்தனை அண்ணன்களால் முடியும் என்று தெரியவில்லை. பிறகு 2001 ஜனவரி 20, பதவியின் கடைசி நாளில், தம்பிக்கு மன்னிப்பு ஆணை கொடுத்தார். அதையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. என் கையில் அந்தப் பேனா இருந்தால் நானும் போட்டிருப்பேன். ஆனால் அந்த எட்டு வருடத்தில் 5 கிராமுக்காக உள்ளே போன எத்தனையோ பேருக்கும் அண்ணன்களும் அக்காக்களும் இருந்தார்களே, அவர்கள் கையில் பேனா இல்லையே. 2015-இல் ஒரு கூட்டத்தில் கிளின்டன், தான் கையெழுத்திட்ட 1994 குற்றச் சட்டம், அளவுக்கு மீறி ஆட்களைச் சிறையில் அடைக்கும் பிரச்சினையை இன்னும் மோசமாக்கியது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். புகையைப் பற்றிச் சொன்னதைவிட இதுதான் உண்மையான ஒப்புதல் என்று நினைக்கிறேன். தேவைப்பட்டபோது வராமல் இருபது வருடம் தாமதமாக வந்தது.

பிரிட்டனில் நடந்தது எனக்கு இன்னும் கசப்பு. 2007-இல் உள்துறை அமைச்சர் ஜாக்கி ஸ்மித், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தபோது கஞ்சா புகைத்ததை ஒப்புக்கொண்டு, அது தவறு என்றார். அமைச்சரவையில் இன்னும் பலரும் அதே போல் ஒப்புக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. அப்புறம் 2009 ஜனவரியில், அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு வேண்டாம் என்று சொல்லியும், கஞ்சாவை சி பிரிவிலிருந்து அதைவிடக் கடுமையான பி பிரிவுக்கு மாற்றினார்கள். கையில் வைத்திருந்ததற்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு வருடத்திலிருந்து ஐந்து வருடமாக ஆனது. தனக்கு இளமைத் தவறு, அடுத்தவன் பிள்ளைக்கு ஐந்து வருடம். ஊருக்கு உபதேசம் என்பார்களே, உபதேசமாக இருந்தால்கூடப் பரவாயில்லை, இது சட்டம். இந்த இடத்தில் மன்னிப்பு எனக்கு வரவில்லை.

ஒபாமா 1995-இலேயே, தேர்தலில் நிற்பதற்கு முன்பே, தன் வாழ்க்கை நூலில் கஞ்சாவையும் கோகைனையும் எழுதிவிட்டார். யாரும் தோண்டி எடுக்கும்வரை காத்திருக்கவில்லை. ஆனால் நான் அவர் பக்கம் சாய்வது அதனால் மட்டும் இல்லை. கிளின்டன் காலத்தில் அப்படியே விடப்பட்ட அந்த நூறு மடங்கு, 2010-இல் அவர் கையெழுத்தில் 18 மடங்காகக் குறைந்தது. முழுவதும் போகவில்லை, ஆனாலும் குறைந்தது. பதவி முடிவதற்குள் 1,715 பேரின் தண்டனையைக் குறைத்தார், பெரும்பாலும் போதைப்பொருள் வழக்குகள். அவற்றில் மிகப் பெரும்பகுதி கடைசிக் காலத்தில்தான் நடந்தது, சீக்கிரம் செய்திருக்கலாமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள், ஆனால் அதற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.73 மடங்கு. இளமையில் ஓர் இரவு ஒரு காவலர் கண்ணில் பட்டிருந்தால் ஒபாமா என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. அது அவருக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பதவியில் இருந்துகொண்டே பயன்படுத்துவது வேறு விஷயம், அதை இதோடு சேர்க்கக் கூடாது. டொராண்டோ மேயர் ராப் ஃபோர்டு 2013 மே மாதம் மறுத்தார், நவம்பரில் கிராக் புகைத்ததை ஒப்புக்கொண்டார். அவர் நோயாளி. நோயாளிக்கு இரக்கமும் சிகிச்சையும் வேண்டும், நகரத்தின் சாவி வேண்டியதில்லை.

அதே நோயைச் சொல்லி, அதை ஒளிக்காமல் வேலை செய்தவரும் இருக்கிறார். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் பேட்ரிக் கென்னடி 2006-இல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பக்கத்தில் காரை மோதிவிட்டு, மருந்துகளுக்கு அடிமையாகிவிட்டேன் என்று சொல்லிச் சிகிச்சைக்குப் போனார். குடியிலிருந்து மீண்ட ஜிம் ராம்ஸ்டாட் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் அவருக்குத் துணையாக நின்றார். இருவரும் சேர்ந்து பாடுபட்டு 2008-இல் ஒரு சட்டம் வந்தது. மனநோய்க்கும் போதை அடிமைத்தனத்துக்கும் காப்பீடு தரும் நிறுவனம், அந்தச் சிகிச்சையை உடல்நோய்ச் சிகிச்சையைவிடக் குறைவாக நடத்தக் கூடாது என்று. சிகிச்சைச் செலவுக்கு அம்மாவின் நகையை விற்ற வீட்டிலிருந்து வருபவன் நான். அந்த இரண்டு பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டிருப்பேன்.

‘இப்படி மன்னித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்’ என்று சொல்பவர்களின் பயம் பொய் இல்லை. ஆனால் எங்கள் அனுபவம் வேறு. தம்பி பழக்கத்தில் மூழ்கிக் கிடந்தபோது அவன் கண்ணில் பட்டவர்கள் எல்லாம் செத்தவர்களும் சிறைக்குப் போனவர்களும்தான். மீண்டவர்கள் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் வேலை போகும். இதிலிருந்து வெளியே வந்தவர்கள் உலகத்திலேயே இல்லை என்று அவன் நிஜமாகவே நம்பினான். சிகிச்சை மையத்தில் ஒருவர் எதிரே உட்கார்ந்து, ‘நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன்’ என்று சொன்ன பிறகுதான் முதல் தடவையாக ராத்திரி தூங்கினான்.

இன்னும் அதிகாரத்துக்கே வராத வேட்பாளரை எப்படி எடைபோடுவது என்று கேட்கலாம். கனடாவின் ஜஸ்டின் ட்ரூடோ, பிரதமராவதற்கு முன் 2013-இல், நாடாளுமன்ற உறுப்பினரான பிறகும் கஞ்சா புகைத்ததாக ஒப்புக்கொண்டார். கஞ்சாவைச் சட்டபூர்வமாக்குவேன் என்றும் சொன்னார், 2018 அக்டோபரில் செய்தார். இடையில் 2017-இல் ஒரு நிகழ்ச்சியில் அவர் சொன்னதுதான் என்னை நிறுத்தியது. அவருடைய கடைசித் தம்பி மிஷெல் 1998-இல் கஞ்சாவோடு பிடிபட்டு வழக்கு வந்தது. முன்னாள் பிரதமரான அப்பா தெரிந்தவர்களைப் பிடித்து, நல்ல வக்கீலை வைத்து, வழக்கை இல்லாமல் ஆக்கினார். எங்களிடம் வசதி இருந்தது, அப்பாவுக்குச் செல்வாக்கு இருந்தது, எல்லோருக்கும் அப்படி அமையாது என்று ட்ரூடோ தானே சொன்னார். தான் புகைத்ததை ஒப்புக்கொள்ளும் தலைவர்கள் நிறைய. தன் வீடு தப்பித்த வழியை ஒப்புக்கொண்டவரை நான் முதலில் கண்டது அங்கேதான். 2019-இல், கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டனை பெற்றவர்கள் தங்கள் குற்றப் பதிவை ஒதுக்கிவைக்கக் கேட்டால், 631 டாலர் கட்டணமும் கிடையாது, வருடக்கணக்கான காத்திருப்பும் கிடையாது என்று சட்டம் வந்தது. பதிவை அடியோடு அழித்திருக்க வேண்டும் என்று அங்கே பலர் கேட்டார்கள், நானும் அந்தக் கட்சிதான். இருந்தாலும் அவரை மன்னிக்க எனக்கு இது போதும்.

இதைத் தம்பியிடம் சொன்னேன். ட்ரூடோவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. “அந்தத் தம்பிக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டான். அதே வருடம் நவம்பரில் பனிச்சரிவில் இறந்துவிட்டார், இருபத்து மூன்று வயது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பேர்ல கேஸ் இல்லாமப் போயிட்டான்” என்றான்.