ஒருநாள் பைக் பயிற்சி போதுமா?

மகனுக்கு 150 சிசி பைக் வாங்கும் முன் ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினால் விபத்து பயம் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள் சார். அனுப்புங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2010இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சியால் விபத்து குறைகிறது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை. சறுக்கலைச் சமாளிக்கக் கற்ற பையன்களுக்குத் துணிச்சல்தான் கூடுகிறதோ என்ற சந்தேகமும் உண்டு.

ஹெல்மெட் கதை வேறு. இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள், பட்டையைப் பூட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், 125 சிசிக்கு மேல் எல்லாப் புது வண்டிக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) கட்டாயமானது 2019இல்தான். பழைய வண்டி என்றால் கவனம். பயிற்சியில் முன் பிரேக் பிடிப்பதும், சந்திப்பில் எதிர்வண்டி திரும்புவதைக் கணிப்பதும் உண்டா என்று விசாரியுங்கள். வீலிங் காட்டும் இடம் வேண்டவே வேண்டாம்.