திக்கிப் பேசுபவர்களுக்குச் சிகிச்சை அளிப்பதில் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு எது மிகவும் கடினமாக இருக்கிறது?

நான் பேச்சுப் பயிற்சியாளராகப் பணிபுரிகிறேன். திக்கலைக் குறைப்பதைக் காட்டிலும், அது உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று கணிப்பதுதான் கடினம் என்பது என் கருத்து.

தனியாக இருக்கும்போதும், பாடும்போதும், பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பெரும்பாலோருக்குத் திக்கல் ஏறக்குறைய வருவதே இல்லை. என்னிடம் வந்த ஓர் இளைஞர் சிகிச்சை அறையில் தங்குதடையின்றிப் பேசினார். அங்கிருந்தே ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசச் சொன்னேன். மறுமுனையில் பெயரைக் கேட்டதும் உதடுகள் இறுகி ஒட்டிக்கொண்டன; கழுத்து நரம்பு புடைத்தது; 'ப' என்ற முதல் ஒலி வெளிவருவதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது. மற்ற சொற்களில் தடை வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து அவர் வேறு சொல்லுக்கு மாறிவிடுவார். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது?

இப்படி ஒளித்துப் பேசுபவர்களிடம் திக்கிய அசைகளை எண்ணிச் சதவீதம் போட்டால் பாதிப்பு குறைவு என்றே தெரியும். திக்கல் ஒரு பனிப்பாறை போன்றது, அச்சமும் வெட்கமும் தவிர்ப்பும் நீருக்கடியில் இருக்கின்றன என்று உளவியலாளர் ஜோசப் ஷீஹன் சொன்னது இதைத்தான். சிகிச்சை பலன் தரத் தொடங்கி, திக்கிப் பேசுபவர் தாம் நினைத்த சொல்லையே சொல்லத் துணியும்போது, காதில் விழும் திக்கல் சில காலம் கூடவும் செய்யும். அப்போது வீட்டார் கலங்கிப்போய், சிகிச்சையையே நிறுத்திவிட நினைப்பார்கள். அவர்களுக்கு இதைப் புரியவைப்பது பயிற்சியைக் காட்டிலும் பெரிய வேலை.

ஒலிகளை நீட்டி, மெதுவாகப் பேசும் முறையால் சரளம் விரைவில் கிடைக்கும். ஆனால் அந்தப் பேச்சு இயல்பாக ஒலிப்பதில்லை. ஒவ்வொரு சொல்லிலும் கவனம் வைத்திருக்க வேண்டும் என்பதால், அவசரத்திலோ கோபத்திலோ அது கைநழுவிப்போகிறது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திக்கல் திரும்புவது சாதாரணமாக நடப்பதுதான். அதை நோயாளியின் சோம்பலாகக் கருதுவது அநியாயம். சிக்கிய சொல்லை விட்டு ஓடாமல், சற்று நிறுத்தி, இறுக்கத்தைத் தளர்த்தி மறுபடி சொல்லப் பழக்கும், பேச்சுச் சிகிச்சை முன்னோடி சார்லஸ் வான் ரைப்பரின் வழியை, குறிப்பாகப் பெரியவர்களுக்கு, நான் அதிகம் நம்புகிறேன்.

சிறுவர்களிடம் சிக்கல் வேறு. திக்கல் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்குகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. யாருக்கு நிற்கும் என்பதை உறுதியாகச் சொல்ல இயலாது. நெருங்கிய உறவினருக்குத் திக்கல் நீடித்திருந்தாலோ, தொடங்கி ஓராண்டு கடந்திருந்தாலோ நான் காத்திருக்கச் சொல்வதில்லை. பெற்றோரே வீட்டில் நடத்தும் லிட்கோம் முறையைப் பரிந்துரைக்கலாம், ஆனால் தாங்கள்தான் காரணம் என்ற குற்ற உணர்வோடு வருபவர்களை முதலில் அதிலிருந்து மீட்க வேண்டும். திக்கல் மரபணுவும் மூளை இயக்கமும் தொடர்புடைய நிலை.

பயிற்சிக் காலத்தில் திக்கிப் பேசுபவர்கள் ஓரிருவரை மட்டுமே பார்த்துவிட்டுப் பட்டம் பெறும் பயிற்சியாளர்கள் பலர். அவர்கள் உத்திகளைக் கற்றிருப்பார்கள். எதிரில் இருப்பவர் ஒரு சொல்லில் சிக்கித் தவிக்கும்போது, அதை முடித்துக் கொடுக்காமல் பார்வையை விலக்காமல் காத்திருக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தந்திருப்பதில்லை.