கையில் ஆராய்ச்சிப் பணம் இருந்தும் திணைக்களத்துக்கு ஒரு வான் வாங்குவது ஏன் இவ்வளவு இழுபறி?

கேட்டவர் ஒரு விரிவுரையாளர் போலிருக்கிறது. வெளிநாட்டு ஆய்வு நிதி வந்திருக்கிறது, ஹட்டன், நுவரெலியா பக்கத் தோட்டங்களில் களவேலை, வானுக்கென்றே பணம் ஒதுக்கியும் இருக்கிறார்கள், ஆனால் நிதியாளர் அலுவலகம் கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்புகிறது. பணம் எங்களுடையது, நேரே கண்டிக்குப் போய் ஒரு வானை எடுத்துக்கொண்டு வந்தால் என்ன, எடுத்தால் அது எங்கள் திணைக்களத்துக்குத்தானே சொந்தம் என்பது கேள்வி.

நேரே போய் எடுக்கவும் முடியாது, எடுத்தாலும் அது உங்களுடையது ஆகாது. மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தின் போக்குவரத்துப் பிரிவில் கோப்பும் ரன்னிங் சார்ட்டுமாக (வண்டி ஓடிய கணக்கை அன்றன்று எழுதும் தாள்) காலம் தள்ளியவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் கோப்பு திரும்பி வருவதற்குப் பணம் காரணமாக இருக்காது. ஓரத்தில் யாராவது பென்சிலால் "சாரதி யார்?" என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

முதலில் சொந்தம் பற்றிய விஷயத்தை முடித்துவிடுவோம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின்படி சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் உரிமையுள்ளது பல்கலைக்கழகம்தான். திணைக்களம், பீடம், ஆய்வுத் திட்டம், பேராசிரியர் என்று யாருடைய பெயரிலும் வாகனத்தைப் பதிய முடியாது. பதிவு, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பெயரில். நிதி கொடுத்தவர்களின் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, திட்டம் நடக்கும் வரை உங்களுக்கு முன்னுரிமை இருக்கும், திட்டம் முடிந்ததும் வண்டி பொதுப் பாவனைக்கு வந்துவிடும். இதைச் சொன்னால் சில பேராசிரியர்மாருக்குக் கோபம் வரும். திட்டம் முடிந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் மேசை இழுப்பறையில் சாவியை வைத்துப் பூட்டிக்கொண்டு, வான் மரத்தடியில் இலை மூடிக் கிடக்க, பக்கத்துத் திணைக்களம் வாடகை வான் பிடித்துப் போகும் கூத்தெல்லாம் நடந்திருக்கிறது.

இப்போது சாரதிக்கு வருவோம், உண்மையான முடிச்சு அங்கேதான். வாகனம் வாங்குவது ஒருமுறைச் செலவு, அதற்கு உங்களிடம் பணம் இருக்கிறது, சரி. ஆனால் அதை ஓட்டுபவர் பல்கலைக்கழகத்தின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணிக்குள் இருக்க வேண்டும், அந்த ஆளணியைக் கூட்டுவது பதிவாளர் கையிலோ துணைவேந்தர் கையிலோ இல்லை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகத் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் வரைக்கும் போக வேண்டும். அங்கே போன கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் உங்கள் ஆய்வு மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதனால் பல இடங்களில் சாரதிகளைவிட வாகனங்கள் அதிகம், ஓய்வு பெற்றுப் போன சாரதிகளின் இடமும் நிரப்பப்படாமல் கிடக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் புது வானுக்கு இருக்கிற ஆட்களில் ஒருவரைத்தான் இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் வேறு ஒரு வண்டி நிற்கும். நிதியாளர் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியும், உங்களிடம் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், "மேலதிக விபரங்கள் தேவை" என்று எழுதி அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

தானே ஓட்டிக்கொள்ளலாமே என்று சில இளம் விரிவுரையாளர்கள் கேட்பதுண்டு. அதற்கு எழுத்து மூல அனுமதி வேண்டும், காப்புறுதியில் அது அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வாய் வார்த்தையை நம்பி ஓட்டாதீர்கள்.

வாங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொள்வனவு அந்த வருடத்துப் பெறுகைத் திட்டத்தில், அதாவது என்னென்ன வாங்கப்போகிறோம் என்ற பட்டியலில், இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் பேரவையின் அங்கீகாரம் வேண்டும், திறைசேரியின் கட்டுப்பாடு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் பல வருடம் எல்லாரையும் கட்டிப்போட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2022 நெருக்கடியில் அரச செலவுக் கட்டுப்பாடு இறுகியது, தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்குள் பழைய வண்டிகள் எல்லாம் இன்னும் பழசாகி, ஒன்றின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டி ஓட்டிய நிலைமை. பெறுகை வழிகாட்டியும் மாறிவிட்டது, 2006ஆம் ஆண்டு நூலைப் பார்த்துக் கோப்புத் தயாரித்தால் திரும்பித்தான் வரும், இப்போது நடைமுறையில் இருப்பது 2024ஆம் ஆண்டு வழிகாட்டி. நிதி கொடுத்த நிறுவனம் தன் சொந்தப் பெறுகை விதிகளைப் பின்பற்றச் சொல்லியிருந்தால் அதையும் கோப்பில் இணைக்க வேண்டும்.

ஆனால் உங்களைப் போன்றவர்கள் உண்மையாகவே உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் விபரக்குறிப்பு, அதாவது எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று எழுதும் அந்த இரண்டு பக்கம். அதை யாரோ கொழும்பில் எழுதியதைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி ஏறவில்லை என்று சாரதியைத் திட்டுவதில் பயனில்லை. டெண்டரில் இன்ன கம்பனி, இன்ன மாடல் என்று பெயர் எழுத முடியாது. தேவைகளைத்தான் எழுதலாம். கேட்ட தேவைகளை எல்லாம் பூர்த்தி செய்யும் விலைமனுக்களுக்குள் மதிப்பிட்ட விலை குறைந்தது எதுவோ அதற்குத்தான் கொடுக்க வேண்டும். நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று வண்டியில் இருக்காது, ஏனென்றால் அது இல்லாத வண்டிதான் மலிவு.

மலைநாட்டுக்கு என்ன எழுத வேண்டும்? பஸ் என்றால் முதலில் பிரேக். கால் பிரேக்கை மட்டும் நம்பி மாணவர்களை ஏற்றிக்கொண்டு றம்பொடையிலிருந்து இறங்கும் வண்டி எனக்கு வேண்டாம். எக்ஸோஸ்ட் பிரேக், முடிந்தால் ரிடார்டர் (இரண்டும் கால் பிரேக்கைத் தேய்க்காமல் இறக்கத்தில் வேகத்தைக் குறைப்பவை) என்று விபரக்குறிப்பில் தெளிவாக இருக்க வேண்டும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லைக் குறுக்கு வீதியில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் வானோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் இறந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும், 2025 மே மாதம் கொத்மலை கெரண்டியெல்லையில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் போனதும் அப்படித்தான். காரணம் ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கலாம், ஆனால் இந்த வீதிகள் எப்படிப்பட்டவை என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. அடுத்தது நீளம். 50 பேர் ஏறும் பெரிய பஸ் பார்ப்பதற்கு இலாபமாகத் தெரியும், தோட்டத்து வீதிக் கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் திரும்பாது, முன்னும் பின்னும் எடுக்க வேண்டும், அந்தப் பக்கம் மதில் கூட இருக்காது. முப்பது பேருக்குள் ஏறும் பஸ் இரண்டு இருந்தால் அதுதான் எங்களுக்குச் சரி. வானோ டபல் கெப்போ என்றால் தரையிலிருந்து அடித்தட்டு எவ்வளவு உயரம், நான்கு சில்லும் இழுக்குமா, பனி படிந்தால் முன்கண்ணாடியைத் தெளியவைக்கும் வசதி உண்டா, மூடுபனி விளக்கு உண்டா. பிறகு சேர்விஸ். உதிரிப்பாகமும் சேர்விஸும் கண்டியிலோ பதுளையிலோ கிடைக்க வேண்டும் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சேர்விஸுக்கும் கொழும்பு போய்வரும் எரிபொருளும் சாரதியின் பயணப்படியும் உங்கள் தலையில்தான்.

தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவில் வாகனம் தெரிந்த ஒரு பொறியியலாளர் இருப்பார். அவரோடு சேர்த்து அனுபவமுள்ள ஒரு சாரதியையும் கூப்பிட்டுக் கருத்துக் கேளுங்கள். குழுவில் அங்கத்தவராகப் போட முடியாவிட்டாலும் விபரக்குறிப்பு எழுதும்போது கேட்கத் தடையில்லை. எங்களோடு இருந்த புசல்லாவைக்கார அண்ணன் ஒருவர், எந்த வண்டியையும் பார்த்தவுடன் முன்னால் போகமாட்டார், பின்னால் போய்க் குனிந்து அடியில் பார்ப்பார். "தம்பி, சைலன்சர் இவ்வளவு கீழ தொங்குதே, கொழுந்து லொறி போற ரோட்டுல போனா முத மழைக்கே இது கல்லுல அடிபடும்" என்பார். எந்தக் கையேட்டிலும் அது இல்லை.

வாங்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் விதிகள் உண்மையிலேயே தொடங்குகின்றன. அரச நிதியைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணங்களில் 1645இன்படி ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு லொக் புத்தகம், அதாவது அந்த வண்டிக்கென்று ஒரு பதிவேடு, இருக்க வேண்டும். நிதிப் பிரமாணம் 1646இன்படி தினசரி ரன்னிங் சார்ட்டும் மாதச் சுருக்கமும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்குப் போக வேண்டும். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் அரச நிறுவனங்களின் கணக்காய்வு அறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள், இந்த இரண்டு இலக்கமும் எத்தனை இடத்தில் வருகிறது என்று தெரியும்.

ரன்னிங் சார்ட்டில் நிரப்ப வேண்டியது அதிகமில்லை: திகதி, புறப்பட்ட நேரம், மீட்டர், போன பாதை, போன காரியம், வந்த மீட்டர், போட்ட எரிபொருள், கடைசியில் பயணம் செய்த அதிகாரியின் கையொப்பம். நேற்று மாலை மீட்டரும் இன்று காலை மீட்டரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓடிட் அதிகாரிகள் வந்தால் முதலில் விரல் வைக்கும் இடம் அதுதான். இரவில் 38 கிலோமீற்றர் வண்டி தானாக ஓடியிருந்தால் சாரதிதான் பதில் சொல்ல வேண்டும், முதல் நாள் மாலை "வீட்டுல மட்டும் இறக்கி விடுங்க" என்று சொன்ன பெரியவர் அப்போது கூட்டத்தில் இருப்பார். இதனால்தான் நான் ரன்னிங் சார்ட்டை எப்போதும் சாரதிக்குக் காவல் என்று பார்ப்பேன். கையொப்பம் வாங்கும் இடத்தில் அதிகாரி இழுத்தடித்தாலும், வெறும் தாளில் மாதம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே ஒப்பமிட்டுக் கொடுத்தாலும் மாட்டப்போவது வண்டி ஓட்டியவர்தான். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், இறங்கியவுடன் மீட்டரைப் பார்த்து ஒப்பமிட அரை நிமிடம் போதும்.

எரிபொருள் விஷயத்தில் மலைநாட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பொது நிர்வாகச் சுற்றறிக்கை 30/2016இன்படி 12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 25,000 கிலோமீற்றர் ஓடியதும், அல்லது எஞ்சினில் பெரிய வேலை செய்ததும், எது முந்துகிறதோ அப்போது எரிபொருள் சோதனை செய்து, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று பதிய வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தச் சோதனையைப் பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையில் ஓரளவு சமமான வீதியில் செய்துவிட்டு, அந்தக் கணக்கை வைத்து நுவரெலியாப் பயணத்தைப் பார்த்தால் சாரதி டீசல் திருடியது போலத்தான் தெரியும். ஏ5 வீதியில் பேராதனையிலிருந்து நுவரெலியா வரை ஏறக்குறைய 70 கிலோமீற்றர், அதற்குள் 1,400 மீற்றர் அளவுக்கு ஏறுகிறது. புசல்லாவை தாண்டியதும் இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்றுதான் போகும், முன்னால் லொறி ஒன்று அகப்பட்டால் அதுவும் இல்லை. அதனால் சோதனையைச் சமவீதியில் ஒன்று, ஏற்ற வீதியில் ஒன்று என்று தனித்தனியாகச் செய்து இரண்டையும் லொக் புத்தகத்தில் பதியச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள்.

விபத்து நடந்தால் நிதிப் பிரமாணம் 104. பொலிஸ் முறைப்பாடு, காப்புறுதிக்கு அறிவித்தல், ஆரம்ப அறிக்கை எல்லாம் உடனே, விசாரணை முடிந்த முழு அறிக்கை 3 மாதத்துக்குள். பக்கக் கண்ணாடி உடைந்தது, கதவில் கீறல் என்றெல்லாம் சின்னதாக நினைத்து வெளிக் கராஜில் சொந்தக் காசில் செய்து மறைப்பவர்கள் உண்டு. அடுத்த முறை பெரிதாக ஏதாவது நடக்கும்போது அந்தப் பழைய அடியும் சேர்ந்து வெளியே வரும். பழைய வண்டியைக் கழித்து விற்பதற்கும் வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பு, பொறியியலாளரின் மதிப்பீடு, பகிரங்க ஏலம் என்று ஒரு நீண்ட வழி இருக்கிறது, அதை இங்கே எழுத ஆரம்பித்தால் முடியாது. வளாகங்களின் பின்பக்கம் துருப்பிடித்து நிற்கும் பஸ்களுக்குச் சோம்பலை விட அந்த வழிதான் காரணம் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், வான் வாங்கமாட்டேன். உங்கள் திட்டம் எத்தனை வருடம் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் களவேலை வருடம் முழுவதும் இருக்காது, கொழுந்து அதிகம் வரும் மாதங்களிலும் மழை விட்ட மாதங்களிலும்தான் இருக்கும். அந்தப் பணத்தை வாடகை வாகனத்துக்கு, சாரதியோடு சேர்த்து, மூன்று விலைமனு வாங்கி ஒப்பந்தமாகப் போட்டால் ஆளணி, பதிவு, கழிப்பு என்று எந்தத் தொல்லையும் இல்லை. நிதி தந்தவர்களிடம் ஒதுக்கீட்டு மாற்றத்துக்கு அனுமதி கேளுங்கள், வாகனக் கொள்வனவிலிருந்து போக்குவரத்துச் செலவுக்கு மாற்றுவதற்குப் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். இல்லை, வான்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் கோப்பில் மூன்று தாளைக் கூடுதலாக இணையுங்கள். சாரதி யார், எந்த ஆளணி இலக்கத்தில் இருக்கிறார், அவரை விடுவிக்கப் போக்குவரத்துப் பிரிவு சம்மதித்த கடிதம் ஒன்று. திட்டம் முடிந்தபின் எரிபொருளும் பராமரிப்பும் எந்தச் செலவுத் தலைப்பிலிருந்து என்று பீடாதிபதியின் ஒப்பத்தோடு ஒன்று. மலை வீதிக்கான விபரக்குறிப்பு ஒன்று. முதல் கடிதத்தை வாங்கத்தான் அலைய வேண்டிவரும். அதற்குப் போகும்போது தொலைபேசியில் கேட்காமல் காலை எட்டரைக்கு முன் நேரில் போங்கள், வண்டிகள் வெளியே கிளம்பிய பிறகு அங்கே பேச ஆளிருக்காது.